அம்மாவின் முழங்காலும் முழங்கையும்: ஒன்பது மாத ஜாப் கார்டு

எனக்குத் தொழில் மோட்டார் ரீவைண்டிங். பட்டறைக்கு ஒரு மோட்டார் வந்தால் முதல் வேலை ஜாப் கார்டு எழுதுவது. என்ன கோளாறு, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, எதைக் கழற்றினோம், எதை மாற்றினோம். அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி, ஒரே நேரத்தில் இரண்டு சாமானை மாற்றாதே என்பதுதான். பேரிங்கையும் கண்டன்சரையும் சேர்த்து மாற்றினால் மோட்டார் ஓடும். எதனால் ஓடியது என்று மட்டும் கடைசிவரை தெரியாது.

அம்மா விஷயத்தில் இந்த விதியை மறந்துவிட்டு இரண்டு வருஷம் கண்டதையும் செய்தோம். யார் எதைச் சொன்னாலும் செய்தோம், எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தோம். போன ஐப்பசியில்தான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் எழுதினேன்: வயது 61. உயரம் 5 அடி. எடை 74 கிலோ. கோளாறு 1: இரண்டு முழங்காலிலும் வலி, வலது அதிகம். கோளாறு 2: இரண்டு முழங்கையிலும் காதுக்குப் பின்னாலும் தடித்த படை, சொறிந்தால் வெள்ளையாகச் செதில் உதிர்கிறது.

இரண்டாவது கோளாறுக்குப் பெயர் சொரியாசிஸ். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். தொட்டால் ஒட்டாது. ஆனால் இதை ஊருக்குச் சொல்லி முடியாது. கல்யாண வீட்டுப் பந்தியில் அம்மா முழுக்கை ரவிக்கையோடு உட்கார்வதற்குக் காரணம் அதுதான்.

நோட்டு போடுவதற்கு முந்தைய கதை ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் மூலமாக ஒரு மூலிகைப் பொடி வந்தது. லேபிள் கிடையாது, என்ன சேர்ந்திருக்கிறது என்றும் தெரியாது. மூன்றாம் நாள் வலி போன இடம் தெரியவில்லை. முழங்கையில் படையும் வற்றிவிட்டது. அம்மா கோயில் படியைத் தனியாக ஏறி இறங்கினார். இரண்டு மாதத்தில் முகம் பூரி மாதிரி உப்பியது. என்றைக்கும் இல்லாத சர்க்கரை ரத்தத்தில் ஏறியது. டாக்டரம்மா பார்த்த உடனேயே, "இதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்" என்றார். நாங்கள் ஏற்கெனவே பயந்துபோய் முந்தின வாரமே நிறுத்தியிருந்தோம். அதற்கும் திட்டு விழுந்தது. ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, டாக்டர் பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் படை கூடுதலாகத் திரும்புமாம். அவர் சொன்னபடியே பத்து நாளில் படை இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மூன்று நாளில் மூட்டு வலியை நிறுத்தும் பொடியைக் கண்டால் இப்போது எனக்கு பயம்தான் வருகிறது.

அன்றைக்கு டாக்டரம்மா செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. முழங்காலைத் தொடுவதற்கு முன்னால் அம்மாவின் விரல் நகங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நகத்தில் ஊசியால் குத்தியது போலக் குழிகள் இருக்கின்றனவா, ஏதாவது ஒரு விரல் மட்டும் முழுதாக வீங்குகிறதா, குதிகால் வலிக்கிறதா, காலையில் எழுந்தால் மூட்டு பிடித்துக்கொள்வது எவ்வளவு நேரம் என்று கேட்டார். சொரியாசிஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை அதுவே மூட்டுக்கும் இறங்குமாம். அப்படி இறங்கினால் அரை மணி நேரத்துக்கு மேல் காலை இறுக்கம் இருக்கும், மாத்திரை இல்லாமல் விட்டால் மூட்டு கோணிவிடும். அங்கே நான் பின்னால் சொல்லப்போகும் தோசையும் எண்ணெயும் ஒன்றும் செய்யாது. அம்மாவுக்கு இறுக்கம் பத்து நிமிஷம்தான், நகமும் சுத்தம். எக்ஸ்ரேயில் முழங்காலின் உள்பக்க இடைவெளி குறைந்திருந்தது. ஆக மூட்டில் தேய்மானம், தோலில் சொரியாசிஸ், இரண்டும் தனித்தனிக் கோளாறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பதிவில் உள்ள எதையும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

சரி, ஐப்பசி. மழை விழுந்ததும் பட்டறை வேலி முழுக்க முடக்கத்தான். வெட்டுவெட்டான மெல்லிய இலை, வேலிக் கம்பியைச் சுற்றும் பற்றுக்கம்பி, காற்றடைத்த மாதிரி உப்பிய முப்பட்டைக் காய். சின்ன வயதில் அந்தக் காயை நெற்றியில் அடித்து ‘டப்’பென்று உடைப்போம். உள்ளே மிளகு போலக் கறுப்பு விதை, ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு இதயம் வரைந்திருக்கும். இதன் தாவரவியல் பெயரான கார்டியோஸ்பெர்மம் என்பதற்கே இதய விதை என்றுதான் பொருள். நம் ஆட்கள் விதையை விட்டுவிட்டு வேலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், முடக்கு அறுத்தான் என்று.

மூட்டு வலிக்கு முதல் சோதனை முடக்கத்தான் தோசை. 2 டம்ளர் இட்லி அரிசி, கால் டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், நாலு மணி நேரம் ஊறல். கிரைண்டரில் அரிசி பாதி அரைபட்டதும் ஐந்து கைப்பிடி கீரையைத் தண்டோடு உள்ளே போட்டேன். இரண்டு தப்பு செய்தேன். ஒன்று, தண்டின் நார் குழவியைச் சுற்றிக்கொண்டு கிரைண்டர் முனகியது. நிறுத்தி, கத்தரிக்கோலால் நறுக்கி எடுக்க வேண்டியதாயிற்று. மோட்டார்க்காரன் வீட்டிலேயே மோட்டாரை எரிக்கப் பார்க்கிறான் என்று என் மனைவி சிரித்தாள். இரண்டாவது தப்பு மறுநாள் காலையில் தெரிந்தது. முடக்கத்தானுக்கு வயிற்றை இளக்கும் குணம் உண்டு. ஐந்து கைப்பிடி என்பது ரொம்பவே அதிகம். ஒரே கழிவறை, நான்கு பேர் வரிசை.

அடுத்த முறை இளம் இலையை மட்டும் ஆய்ந்து இரண்டு கைப்பிடி. மிக்ஸியில் தனியாக விழுதாக அரைத்து மாவில் கலந்து ராத்திரி முழுக்கப் புளிக்க விட்டேன். பச்சை மாவை ஒரு விரல் நக்கிப் பார்த்தால் கசப்பு தொண்டையில் நிற்கும், ஒரு பச்சை நெடியும் அடிக்கும். பயப்பட வேண்டாம். காய்ந்த கல்லில் மாவை விட்டு நல்லெண்ணெய் சுற்றியதும் அந்த நெடி மாறிவிடும். ஓரம் சிவந்து வரும்போது கசப்பும் பெரும்பாலும் போயிருக்கும். கனமாக ஊற்றினால் நடுவில் கசப்பு தங்கும், அதனால் மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். தொட்டுக்கொள்ள வெங்காயச் சட்னி. தேங்காய்ச் சட்னி இதற்குச் சேரவில்லை.

வாரம் மூன்று நாள், மூன்று வாரம். நோட்டில் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று தினமும் ராத்திரி கேட்டு எழுதினேன். ஆரம்பத்தில் 7. மூன்று வாரம் கழித்து 6. தோசையாலா, அந்த வாரம் மழை விட்டு வெயில் அடித்ததாலா என்று தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால் தோசைதான் என்பார். இந்த வீட்டில் மழைக்காலத்துக்கு நல்ல தோசை ஒன்று கிடைத்தது, அதை நிறுத்தக் காரணமில்லை என்று எழுதி வைத்தேன். ஒரு சுவாரசியம்: ஜெர்மனியில் இதே செடியிலிருந்து செய்த களிம்பை மூட்டுக்கு அல்ல, தோல் அரிப்புக்கு விற்கிறார்கள்.

கார்த்திகையில், படைக்குப் பூசும் வெட்பாலை இலை எண்ணெய்க்கு இறங்கினேன். எங்கள் திண்டுக்கல் பக்கம் சிறுமலை அடிவாரத்தில் இந்த மரம் நிறைய. கர்நாடகத்துச் சென்னபட்டணாவில் மரப்பொம்மை கடைவது இதன் வெள்ளை மரத்தில்தான். இலையைக் கிள்ளினால் பால் வரும். பால் வரும் மரமெல்லாம் வெட்பாலை ஆகிவிடாது, அதனால் காயைப் பார்க்க வேண்டும். ஒல்லியாக, முருங்கைக்காயின் தம்பி மாதிரி இரண்டு இரண்டாகத் தொங்கும். ஜோடியின் நுனிகள் ஒட்டியிருக்கும். பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் குடசப்பாலை மரத்தில் நுனிகள் பிரிந்திருக்கும். சிநேகிதன் தோட்டத்து வேலியில் இருந்த மரத்தைக் காயைப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் பறித்தேன்.

இலையைக் கழுவி, உதறி, தேங்காய் எண்ணெயில் போட்டு மாடியில் வைத்தேன். உதறினால் போதும் என்று நினைத்ததுதான் தப்பு. அந்த வாரம் வெயிலும் சரியாக இல்லை. எண்ணெய் பாதி உறைந்து மங்கலாகக் கிடந்தது. நாலாம் நாள் பாட்டிலின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர், மேலே மிதந்த இலையில் சாம்பல் பூஞ்சை, மூடியைத் திறந்தால் ஊசிப்போன வாடை. அரை லிட்டர் செக்கு எண்ணெய் சாக்கடைக்குப் போனது. மறுபடி செய்யலாம் என்றால் தை, மாசியில் மரம் மொட்டையாக நின்றது. சித்திரைத் துளிருக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

அதற்கிடையில் மார்கழி. படைக்கு மோசமான மாதம். அம்மா விறகடுப்பில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்து, துணி சோப்பு போல நுரைக்கும் சோப்பைப் போட்டு, பீர்க்கங்கூட்டால் தேய்த்துக் குளிப்பவர். செதிலைத் தேய்த்து எடுத்தால் நோய் போய்விடும் என்று நினைப்பு. சொரியாசிஸில் நடப்பது நேர் எதிர். காயம்பட்ட இடத்தில் புதுப் படை கிளம்பும். மாற்றியது மூன்றே விஷயம்: வெதுவெதுப்பான நீர், முழங்கைக்குச் சோப்பும் இல்லை கூடும் இல்லை, துண்டால் ஒற்றி எடுத்த கையோடு ஈரம் காயுமுன் சாதாரணத் தேங்காய் எண்ணெய். குளியலறையிலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் வைத்துவிட்டேன். வெளியே வந்து பூசலாம் என்றால் அதற்குள் அடுப்படி கூப்பிட்டுவிடுகிறது. இரண்டு வாரத்தில் செதில் உதிர்வது பாதிக்கு மேல் குறைந்தது. படையின் தடிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கறுப்புப் புடவை கட்டலாம் என்ற நிலை வந்தது. ஒரு பைசா செலவில்லாத வேலை. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

தையில் முழங்கால். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சொல்லிக்கொடுத்தது இது: காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்க வேண்டும். ஐந்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். பத்துத் தடவை, காலையும் மாலையும். பட்டறை மொழியில் சொன்னால், தேய்ந்த பேரிங்கைத் தொடாமல் ஷாஃப்டைத் தாங்கும் பிராக்கெட்டை இறுக்குவது. அவரே ஒரு அளவும் சொன்னார். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். முதல் நாள் அம்மாவுக்கு 6. வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்பதைவிட இந்த எண் எனக்குத் திருப்தி. அம்மா என்னைச் சந்தோஷப்படுத்த வலியைக் குறைத்துச் சொல்லலாம், நாற்காலி அப்படிச் சொல்லாது.

சாப்பாடும் அப்போதுதான் மாறியது. விதிப்படி இரண்டையும் சேர்த்து ஆரம்பித்திருக்கக் கூடாது. ஆனால் அம்மாவே ஒரு நாள் தராசில் ஏறி இறங்கி, "தம்பி, நான் இவ்வளவா?" என்று கேட்டுவிட்டு மறுநாளிலிருந்து ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டார். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல் விழும் சுமை சுமார் நாலு கிலோ குறையும் என்று அளந்தே கண்டிருக்கிறார்கள். சர்க்கரை போட்ட டீ ஐந்திலிருந்து இரண்டாயிற்று. நாலு மணி வடைக்குப் பதில் சுண்டல். மதியம் ஒரு கரண்டி சோறு குறைவு, ஒரு கரண்டி பொரியல் கூடுதல். வாரம் இரண்டு நாள் மத்தி மீன். வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் காசில் மூன்று நாள் மத்தி வாங்கலாம், மூட்டு வீக்கத்துக்கு நல்லது என்கிற ஒமேகா 3 கொழுப்பும் அதில் தாராளம்.

கத்திரிக்காய் சொறி, உருளைக்கிழங்கு வாயு என்று பக்கத்து வீட்டு மதினி ஒரு பட்டியலே கொடுத்திருந்தார். மூன்று வாரம் இரண்டையும் நிறுத்தினோம், அடுத்த மூன்று வாரம் திரும்பச் சேர்த்தோம். நோட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை. அம்மாவுக்கு எண்ணெய்க் கத்திரிக்காய் திரும்பக் கிடைத்தது. வேறு யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், அவர்களும் இப்படி நிறுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ராத்திரி மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடுவது எங்கள் வீட்டில் முன்பிருந்தே உண்டு. மஞ்சளில் உள்ள குர்குமின் தனியாகப் போனால் உடம்பில் சேராமல் பெரும்பாலும் வெளியேறிவிடும். மிளகிலுள்ள பைபரின் கூடப் போனால் ரத்தத்தில் பல மடங்கு சேர்கிறது என்று பெங்களூரில் செய்து 1998இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. பாட்டிக்கு இது தெரியாது, மிளகு இல்லாமல் பால் தொண்டையில் இறங்காது என்பது தெரியும். ஆனால் இதே காரணத்தால்தான் மஞ்சள் காப்ஸ்யூல் பக்கம் போகவில்லை. அளவு ஏறினால் சிலருக்கு ஈரல் பாதித்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேறு சிக்கல். கால் ஸ்பூன் போதும்.

மாசியில் நான் செய்ததுதான் இந்த நோட்டிலேயே பெரிய பிழை. சோப்புக்குப் பதில் நலங்கு மாவு அரைக்கலாம் என்று நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர். கூடவே தோல் வியாதிக்கு நல்லது என்று கேள்விப்பட்டுக் கார்போகரிசி என்ற விதை, அதுவும் கை தாராளமாக நூறு கிராம். மில்லில் அரைத்து வந்த மாவை அம்மா கைகளிலும் கழுத்திலும் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டுக் குளித்தார். அப்புறம் வெயில் படைக்கு நல்லது என்று நான்தான் மாடிக்குக் கூட்டிப்போய் பத்தரை மணி வெயிலில் உட்கார வைத்தேன்.

அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாளும் லேசான சிவப்புதான். மூன்றாம் நாள் முன்னங்கை முழுக்க வெந்த மாதிரி சிவந்து, இரண்டு இடத்தில் கொப்புளம். டாக்டரம்மா கார்போகரிசி என்ற பெயரைக் கேட்டதும் புரிந்துகொண்டார். அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. தோலில் அது பட்டபின் வெயில் பட்டால் வெயிலின் வேகம் பல மடங்காகும். சொரியாசிஸுக்கும் வெண்புள்ளிக்கும் ஆஸ்பத்திரியில் இதே சோராலெனைக் கொடுத்துத்தான் புற ஊதா விளக்கின் கீழே நிறுத்துகிறார்கள், ஆனால் விநாடிக் கணக்கு பார்த்து. நான் மருந்தையும் விளக்கையும் சரியாகவே சேர்த்துவிட்டேன், அளவு மட்டும்தான் கையில் இல்லை. கொப்புளம் ஆறி, கறுத்த தழும்பு மங்க ஒன்றரை மாதம் ஆயிற்று. அம்மா திட்டவே இல்லை. "மருந்து வேலை செய்யுதுடா தம்பி" என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியிருக்கலாம். மீதி மாவு முழுவதும் குப்பைக்குப் போனது. கார்போகரிசி இல்லாமல் அரைத்த மாவு இப்போது டப்பாவில் இருக்கிறது. படை உள்ள இடத்தில் அதையும் தேய்ப்பதில்லை.

சித்திரையில் வெட்பாலை துளிர்த்து, வெள்ளைப் பூவோடு நின்றது. இந்த முறை இலையைக் கழுவவே இல்லை. ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து நிழலில் ஒரு மணி நேரம் உலர்த்தினேன். இரும்பு படக் கூடாது என்பது வைத்தியர்கள் வழக்கம். காரணம் தேடாமல் கையாலேயே கிழித்தேன். வாயகன்ற கண்ணாடி ஜாடி, அரை லிட்டர் தேங்காய் எண்ணெய், இரண்டு கைப்பிடி இலை. எல்லா இலையும் எண்ணெய்க்குள் முங்கியிருக்க வேண்டும் என்பதற்காக மேலே ஒரு சின்னக் கண்ணாடித் தட்டை எடையாக வைத்தேன். மூடிக்குப் பதில் வெள்ளைத் துணி.

முதல் நாள் சாயங்காலம் வெறும் பச்சை. இரண்டாம் நாள் மத்தியானம் போய்ப் பார்த்தால் கிழித்த ஓரங்களிலிருந்து நாவற்பழச் சாறு போல நிறம் இழை இழையாக இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஜாடி முழுக்கக் கறுநீலம். ஒரு ஸ்பூனில் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊதாவும் சிவப்பும் கலந்து மின்னியது. இந்த இலையிலிருந்து ஒரு காலத்தில் நீலச் சாயம் எடுத்திருக்கிறார்கள் என்றால் நம்பலாம். ஆறாம் நாள் வடிகட்டி, நிறமுள்ள பாட்டிலில் ஊற்றி வைத்தேன்.

சோதனைக்கு அம்மாவிடம் ஒரு ஒப்பந்தம். வலது முழங்கைக்கு வெட்பாலை எண்ணெய், இடதுக்கு வெறும் தேங்காய் எண்ணெய். வெயில் இரண்டுக்கும் ஒன்று, காலை எட்டு மணிக்கு 15 நிமிஷம். மூன்று வாரத்தில் இரண்டு பக்கமும் செதில் இல்லை, ஆகவே செதிலுக்கு எந்த எண்ணெயும் போதும். வித்தியாசம் தடிப்பில். வலது பக்கம் விரலால் தடவினால் மேடு தட்டுப்படவில்லை, இளஞ்சிவப்பு நிறம் மட்டும். இடது அந்த நிலைக்கு வர இன்னும் மூன்று வாரம் பிடித்தது. ஒரே ஒரு ஆளின் இரண்டு முழங்கை, அதுவும் வெயில் காலத்தில். இதற்கு மேல் நான் இழுத்துச் சொல்ல மாட்டேன். காதுக்குப் பின்னால் மட்டும் டாக்டரம்மா கொடுத்த களிம்புதான் கேட்டது, அதை நிறுத்தவும் இல்லை. இன்னொன்று, இந்த எண்ணெய்க் கறை போகாது. வீட்டிலுள்ள தலையணை உறை மூன்றும் ஊதா.

ஆனி மாதக் கடைசிப் பக்கம்: எடை 68.5. வலி 3, மழை நாளில் 4. நாற்காலி 11. ஐந்தரை கிலோ இறங்கியிருக்கிறது, அதாவது ஒவ்வொரு அடிக்கும் ஒரு தண்ணீர் கேன் அளவு சுமை முழங்காலிலிருந்து இறங்கியிருக்கிறது. எக்ஸ்ரே திரும்ப எடுக்கவில்லை. தேய்ந்தது வளராது என்று டாக்டரம்மா முன்பே சொல்லிவிட்டார். வலி மாத்திரை வாரம் ஐந்து போட்டவர் இப்போது மாதம் இரண்டு போடுகிறார்.

போன வாரம் மதினி வந்து, தன் முழங்காலுக்கும் அந்த ஊதா எண்ணெயில் கொஞ்சம் கேட்டார். அது தோலுக்கு என்றேன். அம்மா எழுந்தார், கையூன்றாமல்தான் எழுந்தார். சுருட்டிய துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மதினி கையில் கொடுத்து, "காலை நீட்டி உட்காரு" என்றார்.